பத்து நாள் பிந்தி வந்த நெருப்பு

ஜெர்மன் தேசத்தில் வெய்லன்பர்க் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது, அந்த ஊருக்கு ஒரே ஒரு பெரிய தெரு, தெருவுக்கு நடுவில் ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு மேல் பக்கம் பாப்பரசரின் வேதத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கத்தோலிக்கர்களும் கீழ்ப் பக்கம் அதை விட்டுப் பிரிந்துபோன சீர்திருத்தக்காரர்களும் குடியிருந்தார்கள், இரண்டு பக்கமும் ஒரே கிறிஸ்துவைக் கும்பிட்டுக்கொண்டு, ஒரே வாய்க்காலில் துணி அலசிக்கொண்டு, எதிர்ப் பக்கத்துக்காரர்கள் நரகத்துக்குத்தான் போவார்கள் என்று உறுதியாக நம்பிக்கொண்டு, மற்றபடி நன்றாகவே இருந்தார்கள்.

அப்போது ரோமாபுரியிலிருந்து ஒரு கட்டளை வந்தது. காலண்டர் சூரியனோடு ஒத்துப்போகவில்லை, பத்து நாள் பிசகிக் கிடக்கிறது, ஆகவே அக்டோபர் நான்காம் தேதி படுக்கிறவர்கள் மறுநாள் காலையில் பதினைந்தாம் தேதியில் எழுந்திருக்க வேண்டும் என்றது கட்டளை. மேல வரிசைக்காரர்கள் சரி என்று படுத்து அப்படியே எழுந்தார்கள். கீழ வரிசைக்காரர்களின் போதகர் பிரசங்க பீடத்தில் ஏறி, பாப்பரசர் சொல்லித்தான் பொழுது விடியும் என்றால் நாம் விடியாமலே இருந்துவிட்டுப் போவோம் என்றார், எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டு ஐந்தாம் தேதியில் எழுந்தார்கள். பழைய வேதக்காரர்களுக்குப் புதுத் தேதியும் புது வேதக்காரர்களுக்குப் பழைய தேதியுமாக ஆகிப்போனது இப்படித்தான்.

வெட்டிப் போட்ட பத்து நாளும் எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை. அது எங்கேயும் போகவில்லை, தெரு நடுவில் வாய்க்காலில் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து மேல வரிசையில் ஒரு வீட்டில் என்ன நடந்ததோ அது பத்தாம் நாள் அதற்கு நேர் எதிரே கீழ வரிசை வீட்டிலும் நடந்தது. முதல் பனி மேல வரிசைக் கூரையில் விழுந்து பத்து நாள் கழித்துத்தான் கீழ வரிசைக் கூரையில் விழுந்தது, நடுவில் வாய்க்காலை ஒட்டிக் கத்தியால் கீறினாற்போல வெள்ளைக்கும் கறுப்புக்கும் எல்லை நின்றது. ரொட்டி சுடுகிற வெந்தெலின் வீட்டுப் பசு நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு கன்று போட்டது, பத்தாம் நாள் எதிர் வீட்டில் கயிறு திரிக்கிற தோபியாஸின் ஆடு நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு குட்டி போட்டது. கீழே நடந்தது எதுவும் மேலே போகவில்லை. மேலே நடந்தது எல்லாம் கீழே வந்தது.

இதைப் பெண்கள் ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டார்கள். வெந்தெலினின் மனைவி அப்போலோனியாவும் தோபியாஸின் மனைவி சிபில்லாவும் காலையில் வாசல் பெருக்க வரும்போது வாய்க்காலுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலுமாக நின்றுகொண்டு பேசிக்கொள்வார்கள்.

"என்னக்கா, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு?"

"பல்லு வலி. கடைவாய்ப் பல்லு. ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. உனக்கும் வரும், கிராம்பு வாங்கி வச்சுக்கோ."

"இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு சந்தோஷமா?"

"பின்னே? எனக்குக் கிராம்பு வாங்கி வைன்னு சொல்ல யாராவது இருந்தாங்களா?"

சிபில்லா கிராம்பு வாங்கி வைத்தாள், பத்தாம் நாள் பல் வலி வந்தது, கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு அப்போலோனியாவுக்குக் கை காட்டினாள், அடுத்த நாள் பதிலுக்கு நாலு முட்டையை வாய்க்காலைத் தாண்டப் போட்டிருந்த பலகையில் வைத்துவிட்டு வந்தாள். இப்படிச் சொல்லுவதும் கொடுப்பதும் எல்லா வீட்டிலும் வழக்கமாகிவிட்டது. மேலே ஆலங்கட்டி மழை பெய்தால் கீழே செர்ரிப் பழத்தைப் பறித்து உள்ளே வைத்தார்கள். மேலே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கீழே விறகும் கஞ்சியும் தயாராக இருந்தன. வருவதை நிறுத்த மட்டும் முடியவில்லை. மேல வரிசையில் கொல்லர் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது எதிர் வீட்டுச் செருப்புத் தைப்பவர் யோஸ்ட் பயந்துபோய் பத்து நாளும் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை, பத்தாம் நாள் போர்வைக்குள்ளேயே கால் உடைந்தது. ஆனால் எலும்பு கட்டுகிறவரை முன்கூட்டியே வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருந்ததால் கால் நேராகக் கூடியது, கொல்லர் மட்டும் கடைசிவரை நொண்டினார். ஒரு நெசவாளி மேலே செத்துப்போனபோது எதிர் வீட்டுக்காரர் வெளியூருக்கு, நாலு மலை தாண்டி, தம்பி வீட்டுக்கு ஓடினார், அங்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி பத்தாம் நாள் செத்தார்.

ஆண்கள் இதற்கு வேறு விதமாக அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். மேல வரிசைச் சாமியார், எதிரே இருக்கிறவர்கள் தங்கள் பாவத்தின் தண்டனையை முதலில் நம் தலையில் இறக்கிவிட்டு மிச்சத்தைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள் என்றார். கீழ வரிசைப் போதகர், கடவுள் தம்முடைய பிள்ளைகளுக்கு முன்னறிவிப்புக் கொடுக்கிறார், அதற்காகவே எதிர் வரிசையைப் படைத்து வைத்திருக்கிறார் என்றார். போதகர் இன்னொன்றும் சொன்னார். பனி, மழை, காய்ச்சல், சாவு இவையெல்லாம் கடவுள் செய்வது, ஆகவே வருகிறது, மனுஷன் கையால் செய்கிற எதுவும் வாய்க்காலைத் தாண்டி வராது என்றார். அவர் படித்தவர், வேதப்புத்தகத்திலிருந்து அதற்கு ஏழு ஆதாரம் காட்டினார். வெந்தெலின் ஒரு நாள் கோபத்தில் கஞ்சிப் பானையைத் தரையில் போட்டு உடைத்ததும் பத்தாம் நாள் சிபில்லா வீட்டு அடுப்பில் பானை தன்னால் வெடித்ததும் பெண்களுக்குத் தெரியும். அது அடுப்படிச் சமாச்சாரம், அதை யாரும் போதகரிடம் கொண்டுபோய்ச் சொல்லவில்லை, அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டு காலண்டர் இருந்தால் இரண்டு கிறிஸ்துமஸ் வரும், இரண்டு ஈஸ்டர் வரும், ஒருத்தர் திருநாளில் மற்றவருக்கு வேலை நாள் வரும். மேலே பூசை நடக்கும்போது கீழே தோல் பதனிடுகிறவர்கள் வேண்டுமென்றே தோலை அடித்தார்கள், கீழே ஆராதனை நடக்கும்போது மேலே வண்டியில் சாணம் ஏற்றிக் கதவு முன்னால் கொட்டினார்கள். மேல வரிசைப் பையன்கள் கீழ வரிசை ஜன்னலில் கல் விட்டார்கள், கீழே நடப்பது மேலே வராது என்பதால் அவர்களுக்கு அதில் பயமே இல்லை.

நற்கருணைத் திருநாள் வந்தது. மேல வரிசைக்காரர்கள் பட்டுப் பந்தலுக்குக் கீழே அப்பத்தை ஏந்திக்கொண்டு வாய்க்கால் கரையோரமாகப் பவனி வந்தார்கள், பந்தலின் முன்காலைப் பிடித்திருந்தவன் வெந்தெலின். கீழ வரிசையில் செருப்புத் தைப்பவர் யோஸ்ட் தன் வாசலில் தொப்பியைக் கழற்றாமல் நின்றார். தொப்பியை எடு என்று சாமியார் சைகை காட்டினார். தலை குளிருது என்றார் யோஸ்ட், ஜூன் மாதத்தில். வெந்தெலின் பந்தல் கழியை உருவி அந்தத் தொப்பியைத் தட்டிவிட்டான், தொப்பியோடு யோஸ்டின் காதும் கிழிந்தது. அதற்குப் பிறகு யார் முதல் கல்லை எடுத்தார்கள் என்பதற்கு இரண்டு காலண்டர் மாதிரி இரண்டு கதை உண்டு. தோபியாஸ் தன் கயிற்றுக் கொட்டகைக்கு ஓடினான், கயிற்றுக்குப் பூச அடுப்பில் தார் கொதித்துக்கொண்டிருந்தது, சணல் உருண்டையைத் தாரில் முக்கிப் பற்றவைத்து, மனுஷன் கையால் செய்வது வாய்க்காலைத் தாண்டி வராது என்ற நிம்மதியோடு, எதிர் வீட்டு ரொட்டிக் கொட்டகைக் கூரைமேல் எறிந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எறிந்தார்கள்.

மேல வரிசையில் ஏழு வீடு எரிந்தது. மெழுகுவர்த்தி செய்கிற லோரென்ஸும் அவர் மனைவியும் புகையில் செத்தார்கள். வெந்தெலினின் மூன்று வயது மகன் மத்தியாஸ் கொட்டகையில் மாவு மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தான், அவனை வெளியே எடுத்தபோது உயிர் இருந்தது, இடது கையும் தோளும் வெந்திருந்தன.

தோபியாஸ் கைகழுவ உள்ளே வந்தான். சிபில்லா நாலு வயது மகள் லேனாவை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய இடது கையை ஒரு விரல் விடாமல் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணிட்டு வந்தீங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். கடவுள் செய்யறதுதான் இங்க வரும். போதகர் சொல்லியிருக்காரு."

"போன மாசம் நம்ம அடுப்புல பானை வெடிச்சுதே, அதைக் கடவுளா உடைச்சாரு? அந்த வீட்டுக்காரர் கோவத்துல போட்டு உடைச்சது அது."

தோபியாஸ் லேனாவின் கையை எட்டிப் பார்த்தான். பிறகு, "இதை ஏன் முன்னாலேயே சொல்லலை?" என்றான்.

"நீங்க கேட்டீங்களா?"

இந்தப் பேச்சு அன்றைக்கே கீழ வரிசை முழுவதும் பரவியது. லோரென்ஸ் வீட்டுக்கு எதிரே கையுறை தைக்கிற பீட்டரும் அவர் மனைவி அன்னாவும் இருந்தார்கள், பிள்ளை குட்டி இல்லாதவர்கள், கலவரத்தின்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தவர்கள். அவர்கள் மறுநாள் காலையில் எழுந்து வீட்டை ஒட்டடை அடித்தார்கள். தைத்து முடிக்காத கையுறைகளைத் தைத்து முடித்தார்கள். பூனையைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, அது மீன் தலை தின்னாது என்றும் சொன்னார்கள்.

மத்தியாஸ் பிழைத்தால் லேனா பிழைப்பாள். மத்தியாஸ் போனால் லேனா போவாள். சிபில்லாவுக்கு இதைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. இரண்டு நாள் வாய்க்கால் கரையில் நின்று அந்த வீட்டிலிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தம் கேட்டால் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தாள், நின்றுபோனால் திரும்ப வந்து நின்றாள். மேல வரிசைக்காரர்கள் வாய்க்கால் பலகைகளை எடுத்துவிட்டு ஈட்டியோடு காவல் நின்றார்கள். மூன்றாம் நாள் அவள் ஒரு ஜாடியில் தேனும் வெளுத்த துணியும் எடுத்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகி, வாய்க்காலில் இறங்கி நடந்தாள். ஈட்டிக்காரர்கள் அவளைப் பார்த்து என்ன செய்வது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அதற்குள் அவள் ஏறிவிட்டாள்.

வெந்தெலின், வீட்டில் எரியாமல் மிஞ்சிய ஒரே அறையின் கரிந்த வாசலை மறித்து நின்றான். "எங்க வந்தே? மிச்சம் இருக்கறதையும் கொளுத்தவா?"

உள்ளேயிருந்து அப்போலோனியா வந்தாள். மூன்று நாளாகத் தலை வாரவில்லை. "எதுக்கு வந்தே?" என்றாள்.

"மத்தியாஸ் பிழைக்கணும் அக்கா. எங்கம்மா தேனீ வளர்த்தவங்க. வெந்த புண்ணுக்குத் தேன் போட எனக்குத் தெரியும்."

"என் பிள்ளை மேல அவ்வளவு பாசமா?"

"இல்லக்கா. லேனாவுக்காக வந்தேன்."

அப்போலோனியா கதவை முழுசாகத் திறந்தாள். "வேற எதையாவது சொல்லியிருந்தா அந்த ஜாடியை உன் தலையிலேயே போட்டு உடைச்சிருப்பேன். உள்ள வா. செருப்பைக் கழட்டு, இப்பத்தான் துடைச்சேன்."

சிபில்லா போன வழியில் அடுத்த நாள் மற்றப் பெண்களும் போனார்கள். எரிந்த ஏழு வீட்டுக்கு எதிரே ஏழு வீடு இருந்தது, புகை குடித்து இருமுகிற ஒவ்வொருத்தருக்கும் எதிரே பத்து நாளில் இருமப்போகிற ஒருத்தர் இருந்தார், ஆகவே கீழ வரிசை முழுவதும் வாத்துக் கொழுப்பும் பழைய துணியும் கோழிச் சாறும் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி ஏறியது, ஈட்டிக்காரர்கள் சலித்துப்போய்ப் பலகைகளைத் திரும்பப் போட்டார்கள். நன்றி என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மேல வரிசைக்காரர்கள் கோழிச் சாற்றைக் குடித்துவிட்டு, உப்புப் போதாது என்றார்கள்.

அப்போலோனியா வீட்டில் இரண்டு பெண்களும் முறை வைத்துக்கொண்டார்கள், ஒருத்தி விசிற ஒருத்தி துணி மாற்ற. அப்போலோனியா பிள்ளையின் தலைமாட்டில் மாதா சுரூபத்தை வைத்திருந்தாள். சிபில்லா அதைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"அதை ஏன் நகட்டுற?"

"தேன் ஜாடி வைக்க இடம் வேணாமா?"

"தரையில வை. உன் தேன் ஒண்ணும் மாதாவை விடப் பெருசில்லை."

"தரையில எறும்பு ஏறுங்க்கா."

அப்போலோனியா யோசித்துவிட்டு மாதாவை ஜன்னலுக்கு மாற்றினாள். சிபில்லா துணி மாற்றும்போது வாய்க்குள் வேதப்புத்தகத்துச் சங்கீதம் பாடுவாள், அப்போலோனியா செபமாலை உருட்டுவாள், இரண்டும் சேர்ந்து கேட்டால் பிள்ளை அதிகமாக அழுதான், ஆகவே ஒருத்தி சொல்லும்போது மற்றவள் வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

ஏழாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியது. உதடு வெடித்து, கண் மேலே போய்விட்டது. வெந்தெலின் சுவரோரம் உட்கார்ந்திருந்தான், எதிர் வீட்டைப் பார்த்தபடியே, யாரிடமும் சொல்லாததுபோலச் சொன்னான்.

"போனாப் போறான். தனியாப் போக மாட்டான்ல."

சிபில்லாவின் கையிலிருந்த விசிறி நின்றது. அப்போலோனியா எழுந்து புருஷன் முன்னால் போய் நின்றாள், அவள் கையில் கரண்டி இருந்தது.

"எந்திரிங்க. வெளியே போங்க. எம்பிள்ளையை எவளோடயோ துணைக்கு அனுப்பறீங்களா நீங்க? அவன் எங்கயும் போகலை. வாய்க்கால்ல இருந்து குளிர்ந்த தண்ணி கொண்டுவாங்க, போங்க, ரெண்டு வாளி."

வெந்தெலின் போய் இரண்டு வாளி கொண்டுவந்தான், பிறகும் இரண்டு வாளி, பிறகும். ஈரத் துணி காயக் காய மாற்றினார்கள். எட்டாம் நாள் காலையில் மத்தியாஸ் கண்ணைத் திறந்து ரொட்டி கேட்டான், ரொட்டி சுடுகிறவன் வீட்டில் ரொட்டி இல்லை, சிபில்லா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து பாலில் ஊறவைத்து ஊட்டினாள். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் முதல் இரண்டு நாள் பதற்றத்தில் கையை மொத்தமாகச் சுற்றிக் கட்டியிருந்ததால் இடது கை விரல்கள் நாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன, அதைப் பிரிக்க முடியாது என்று எலும்பு கட்டுகிறவர் சொல்லிவிட்டார். அப்போலோனியா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிபில்லாவிடம், "நீ போ. உனக்கு வேலை கிடக்கு" என்றாள். சிபில்லா ஜாடியை எடுத்துக்கொண்டு போனாள்.

கீழ வரிசைக்காரர்கள் ஏழு வீட்டிலிருந்தும் கட்டில், பெட்டி, கோழி எல்லாவற்றையும் புல்வெளிக்கு எடுத்துப் போனார்கள். கூரை வைக்கோலைப் பிரித்துத் தூரப் போட்டார்கள். தோபியாஸ் தார்ச் சட்டியை ஆற்றில் எறிந்தான். பத்தாம் நாள் நடுமத்தியானம், யாரும் பற்றவைக்காமலே, வெறும் உத்தரத்திலும் ஈரச் சுவரிலும் நெருப்பு வந்து ஏழு வீடும் எரிந்தது. பீட்டரும் அன்னாவும் புல்வெளியில் தங்கள் பெஞ்சில் நல்ல உடுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள், சுற்றிலும் வெயிலும் காற்றும் இருக்க அவர்களுக்கு மட்டும் மூச்சு முட்டியது, கொஞ்ச நேரத்தில் முடிந்தது. அவர்கள் கைக்குள் கை இருந்தது, பிரிக்க வேண்டாம் என்று அப்படியே ஒரே குழியில் வைத்தார்கள்.

லேனா அம்மா மடியில் இருந்தாள். தோபியாஸ் அவளைச் சுற்றி ஈரப் போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தான். போர்வைக்குள்ளேயே அவளுடைய இடது தோள் சிவந்தது, கொப்புளித்தது, சிவப்பு கை வழியாக இறங்கி விரல் நுனிவரை போனது. அவள் போட்ட சத்தத்தில் தோபியாஸ் போர்வையை விட்டுவிட்டுத் தரையில் விழுந்து மண்ணைப் பிராண்டினான்.

சிபில்லாவுக்கு எல்லாம் தெரியும். எங்கே வேகும், எத்தனையாம் நாள் காய்ச்சல் ஏறும், எத்தனையாம் நாள் இறங்கும், எல்லாம் தெரியும். தேன் பக்கத்தில் இருந்தது, துணி மடித்து அடுக்கியிருந்தது. ஆனால் மத்தியாஸின் கையைப் பிடித்து ஒரு வாரம் நடுங்காமல் துணி மாற்றிய அவளுக்கு லேனாவின் கையைத் தொட முடியவில்லை. தொடப் போவாள், பிள்ளை அலறும், கையை எடுத்துக்கொள்வாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, கையை மொத்தமாகச் சேர்த்துத் துணியால் சுற்ற ஆரம்பித்தாள்.

அப்போது அப்போலோனியா பலகை வழியாக இறங்கிப் புல்வெளிக்கு வந்தாள். இடுப்பில் மத்தியாஸ் இருந்தான், கட்டுப் போட்ட கையை நீட்டிக்கொண்டு. கீழே நடப்பது மேலே போகாது என்பதால் அவளுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. இதுவும் மேலே நடந்தது பத்து நாள் பிந்திக் கீழே வந்ததுதான் என்று ஊரில் சிலர் பிறகு சொன்னார்கள், ஆனால் சிபில்லா அங்கே போனது மூன்றாம் நாள், அப்போலோனியா இங்கே வந்தது எரிந்த அன்றைக்கே, ஆகவே அந்தப் பேச்சு எடுபடவில்லை.

தோபியாஸ் தரையிலிருந்து எழுந்து வழிவிட்டான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மத்தியாஸைப் புல்லில் இறக்கிவிட்டு, சிபில்லாவுக்கு எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்து, சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"இப்படிச் சேர்த்துக் கட்டாதேட்டி. அன்னைக்கு நான் இப்படித்தான் கட்டினேன்."

சின்னத் துண்டாகக் கிழித்து, தேனில் முக்கி, சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வைத்தாள். லேனா அலறியது வாய்க்காலைத் தாண்டி மேல வரிசைக் கடைசி வீடுவரை கேட்டது. சிபில்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"அவளுக்கு வலிக்குதுக்கா. போதும்."

"வலிக்கத்தான் செய்யும். இன்னும் மூணு இடம் பாக்கி இருக்கு" என்றாள் அப்போலோனியா, அடுத்த துண்டைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டே. "அழறதை அப்புறம் அழு. இப்ப மணிக்கட்டை ஆடாமப் பிடி."